டுவேய்ன் அடைத்துக் கொடுத்த வீடு

1.

இதைத் தமிழில் எழுதுவதற்கு ஒரே காரணம், இதில் வரும் இருவருக்கும் தமிழ் தெரியாது என்பதுதான். அமெரிக்காவின் வடக்கே ஏரிக்கரையில் இருக்கும் குளிர் ஊரான டுலூத்தில் இருபது வருஷமாக எனக்குப் பக்கத்து வீடு மார்லிஸ். அவள் தம்பி டுவேய்ன். தனித்தனியாக வந்து ஆளுக்கொரு ரகசியத்தை என் தலையில் கட்டிவிட்டுப் போனார்கள். எனக்கு நெஞ்சு தாங்கவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘சுவர்களுக்குள் பழைய செய்திகள் உறங்கிய அந்த வீட்டில்—’

த்தூ. ஒரு மனிதர் செத்திருக்கிறார், எனக்கு அலங்காரம் கேட்கிறது. நேராகவே சொல்கிறேன்.

2.

வீடுகளில் குளிர் புகாமல் அடைப்பது டுவேய்னின் பிழைப்பு. லாரியிலிருந்து நீளக் குழாய் போட்டு, அரைத்த செய்தித்தாள் பஞ்சைக் கூரைக்கடியிலும், துளையிட்டுச் சுவருக்குள்ளும் ஊதுவான். நவம்பரில் அக்கா வீட்டுக்கு இனாமாகவே ஊதிக் கொடுத்தான்.

முடித்ததும் ஒரு சோதனை உண்டு. கதவு ஜன்னலைச் சாத்தி, சமையலறையில் காற்றை வெளியேற்றும் விசிறியை ஓடவிட்டு, கீழ்த்தளத்து வெந்நீர்க் கொதிகலனின் புகை ஒழுங்காகப் புகைபோக்கியில் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். இடுக்கெல்லாம் அடைபட்ட வீட்டில் விசிறி அந்தப் புகையை, அதிலுள்ள மணமில்லாத விஷவாயுவோடு, உள்ளே இழுத்துவிடும்.

டுவேய்ன் என்னிடம் சொன்னான்: “யார் வீட்டுலயும் நான் அந்தச் சோதனையை விட்டதில்ல. சாப்பாடு ஆறுதுன்னு அக்கா கூப்பிட்டா. நம்ம வீடுதானேன்னு உக்காந்துட்டேன். அவகிட்ட மட்டும் சொல்லிடாதே.”

(இவனைக் குடிகாரனாக்கினால் உங்களுக்குச் சௌகரியமாக இருக்கும். அவன் குடிப்பதில்லை.)

3.

அன்று முதல் மார்லிஸுக்கும் கணவர் லெஸ்ஸுக்கும் தலைவலி. விஷவாயு வந்தால் கத்தும் எச்சரிக்கைக் கருவி இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது, கத்தியது. பழசாகிவிட்டது என்று லெஸ் பேட்டரியைக் கழற்றிவிட்டார். மார்லிஸுக்குச் சந்தேகம்தான். ஆனால் இந்த ஊரில் இனாமாகச் செய்த உதவியைக் குறை சொல்லக் கூடாது. கால் முறிந்தாலும் ‘பரவாயில்லை, இன்னும் மோசமாயிருக்கலாம்’ என்பார்கள். தம்பி கேட்டபோதெல்லாம் வீடு கதகதப்பாக இருக்கிறது என்று புகழ்ந்தாள்.

ஒரு ஞாயிறு, அடுப்பில் இறைச்சியை வேகவிட்டு, விசிறியையும் போட்டுவிட்டுத் தேவாலயம் போனாள். திரும்பியபோது லெஸ் கீழ்த்தளப் பட்டறையில், பாதி செதுக்கிய மர வாத்தின்மேல் கவிழ்ந்து கிடந்தார்.

அப்புறம் என்னிடம் வந்து சொன்னாள்: “ஒரு போன் போட்டிருந்தா வந்து பாத்திருப்பான். அவன் மனசு நோகுமேன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். இது தெரிஞ்சா என் மூஞ்சியில முழிக்கமாட்டான்.”

4.

அடக்கத்துக்குப் பிறகு இருவரும் பேசவில்லை. அக்கா தன்னை வெறுக்கிறாள் என்று அவன் வேலையையே விட்டுவிட்டான். தம்பிக்குத் தெரிந்துவிட்டது என்று அவள் ஒடுங்கிப்போனாள். பாவிகள்.

முடிவு ஒன்று: நான் உண்மையைச் சொல்கிறேன், இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். (இவர்கள் அழுது நான் பார்த்ததே இல்லை. கோடு போட்டு அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: டுவேய்ன் தனியாக லாரியில் ஏறி, ஏரிப் பக்கம்— வேண்டாம். எழுதக் கை வரவில்லை.

5.

சற்றுமுன் மார்லிஸ் வந்தாள். மேஜைமேல் காகிதங்களின் ஓரத்தில் நான் ஆங்கிலத்தில் குறித்திருந்த அவர்கள் பெயர்களைப் பார்த்து, “எங்க கதையா?” என்றாள். எனக்குப் பொய் வராது. அவள் தம்பிக்குப் போன் போட்டாள்.

இப்போது இருவரும் கோட்டைக் கழற்றாமல் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் பாஷையில் சொல்லு, எதையும் விடாதே என்கிறாள் மார்லிஸ். கடைசி வரி பாக்கி என்று சாக்குச் சொல்லி இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டாம் பகுதியை விடவா, மூன்றாவதையா? எதை விட்டாலும் லெஸ் எழுந்து வரப்போவதில்லை.

டுவேய்ன் தொண்டையைச் செருமுகிறான்.

“அக்கா, அதைப் படிக்கிறதுக்கு முன்னாடி நான்—”

“இல்ல டுவேய்ன். நான் முதல்ல.”

யார் முதலில் சொன்னால் மற்றவர் தாங்குவார் என்று எனக்குத் தெரியவில்லை. நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் பேனாவை வைக்கிறேன்.