சில்வண்டு அடங்கினால்

புலி வந்தால் ரப்பர் காட்டில் சில்வண்டுகள் கப்சிப்பென்று அடங்கிவிடும். பால் வெட்டும் மற்றவர்கள் கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். காது மந்தமான காத்தாயிக்கோ காடு எப்போதுமே அடங்கித்தான் கிடந்தது. போன வாரம் அவள் பால் வெட்டும் மர வரிசைக்குப் பக்கத்திலேயே புலி ஒரு மாட்டை அடித்துப் போட்டதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஈப்போவில் கடை வைத்திருந்த காசீம் ராவுத்தர் தேடி வந்த அவள் முன்னால் இரண்டு காதுக்குழல்களை எடுத்து வைத்தார். நீளமான பித்தளைக் குழலில் நன்றாகக் கேட்டது. ஆனால் அதைக் கையில் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

“ஒத்தக் கையால எப்படிப் பால் வெட்டுறது ராவுத்தரே?”

“அப்ப இதைத் தலையில மாட்டிக்க தங்கச்சி. கொஞ்சம் கம்மியாத்தான் கேக்கும்,” என்று அவள் காதருகே கத்தி, வளையம் வைத்த சின்னக் குழலை நீட்டினார்.

மறுநாள் காலையில் மூன்றாவது மரத்தை வெட்டும்போது, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவள் காதில் சில்வண்டுகள் இரைந்தன. காத்தாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இரைச்சல் சட்டென்று நின்றது.

குழல்தான் கெட்டிருக்க வேண்டும். மாரியாத்தா, குழல்தான் கெட்டிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே, மரத்தில் கட்டியிருந்த பீங்கான் கோப்பையைக் கத்தியால் தட்டினாள்.

ணங்கென்று கேட்டது.