மோட்டாரின் உறுமல்

"இதயத்துல ஓட்டையா?" என்று போனிலேயே சிரித்தான் என் அண்ணன். ஓட்டை இல்லை, மூடியிருக்க வேண்டிய ரத்தக்குழாய் ஒன்று மூடவில்லை என்று மூன்றாவது முறையாகச் சொன்னேன். நாய்க்குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு மிருக ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றிருந்தேன். அவன் கொடுத்த குட்டிதான். "கொண்டாந்து குடு. அதே ஈத்துல இன்னொண்ணு இருக்கு, மாத்தித் தர்றேன்" என்றான். மாற்றிக்கொள்ள இது என்ன மிக்ஸியா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனை வைத்துவிட்டேன்.

தப்பு என் மேலும் இருந்தது, அதுதான் கூடுதல் எரிச்சல். மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுவது என் தொழில். பக்கத்துத் தெருவில் ஓடும் மோட்டாருக்குப் பேரிங் போயிருந்தால் கடையில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவள், இந்தக் குட்டியின் நெஞ்சில் முதல்முதலாகக் கை வைத்து, உள்ளங்கை அதிர்ந்ததும் பூரித்துப்போனேன். என்னைப் பார்த்த சந்தோஷத்தில் உறுமுகிறதாம்! வீட்டுக்காரரும் தொட்டுப் பார்த்து, உனக்கேத்த பிள்ளைதான் என்றார். மோட்டார் என்றே பேர் வைத்தோம். வருகிறவர் போகிறவரையெல்லாம் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும். நாலு படி ஏறினால் மோட்டாருக்கு மூச்சு வாங்கியது. தடுப்பூசிக்குத் தூக்கி வந்தபோது டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பை வைத்தார், அவர் முகம் மாறியது.

தாய் வயிற்றில் எல்லாக் குட்டிக்கும் அந்தக் குழாய் இருக்குமாம். பிறந்து இரண்டொரு நாளில் தானாக மூடிக்கொள்ளும். இதற்கு மூடாததால் ரத்தம் வழி மாறி ஓடி இதயம் வீங்குகிறது, விட்டால் ஒரு வருஷம் தாங்குவதே கஷ்டம். நான் உறுமல் என்று நினைத்தது அந்த ரத்தம் பாய்கிற அதிர்வுதானாம். நெஞ்சைப் பிளக்க வேண்டாம், தொடை ரத்தக்குழாய் வழியாகக் கம்பியை விட்டு, வலை மாதிரியான சின்ன அடைப்பானை அங்கே வைத்துவிடலாம் என்றார். நழுவினால்? நுரையீரலுக்குப் போய்விடும் என்று ஒளிக்காமல் சொன்னார். அதனால் கம்பியிலிருந்து கழற்றிவிடும் முன் லேசாக இழுத்துப் பார்ப்பார்களாம்.

அதைக் கேட்டதும்தான் எனக்கு உயிர் வந்தது. முறுக்கிய காயில் முனையை இழுத்துப் பார்க்காமல் நானும் விட்டதே இல்லை.

"ரெண்டு தடவை இழுத்துப் பாருங்க, டாக்டர்."

அவர் சிரிக்கவில்லை. "நான் எப்பவும் ரெண்டு தடவைதாம்மா."

ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட வீட்டுக்காரர் தயங்கினார். ஒரு நாய்க்கு இவ்வளவா என்று நாலு பேர் கேட்பார்களாம். கேட்கட்டும். எனக்குச் சோறு போடுவது அவர்களா? பேனாவைப் பிடுங்கி நானே போட்டேன்.

குட்டியைத் தூக்கிப்போய் இரண்டு மணி நேரம் கழித்து என்னை உள்ளே கூப்பிட்டார்கள். மோட்டார் கம்பளியில் துவண்டு கிடந்தது. நெஞ்சில் கை வைத்தேன். அதிர்வே இல்லை. போய்விட்டதோ என்று நிமிர்ந்து பார்த்தேன். டாக்டரம்மா என் கையின் மேல் தன் கையை வைத்துக் கொஞ்சம் அழுத்தினார். அப்புறம்தான் பிடிபட்டது. லப், டப். தனித்தனியாக, நிதானமாக. அழுதுவிட்டேன், யார் பார்த்தால் என்ன.

போன் அடித்தது. அண்ணன்தான். அந்த இன்னொரு குட்டியை வேறு யாரோ கேட்கிறார்கள், கொடுத்துவிடவா என்றான். போனை மோட்டாரின் நெஞ்சில் வைத்தேன். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு எடுத்தேன்.

"என்ன, ஒண்ணும் கேக்கலையே?" என்றான்.

"அதான். இப்ப உறுமல் இல்ல" என்றேன்.

முடி மழித்த தொடையில் சின்னதாய் ஒரு பிளாஸ்திரி. மயக்கம் தெளியாமலே மோட்டார் பின்னங்காலை உதைத்துக்கொண்டிருந்தது, கனவில் எதையோ துரத்துகிற வேகத்தில்.