புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம்

மருந்து லேபிள்கள் கோணல்மாணலாக வருகின்றன என்று பச்சிளங்குழந்தை வார்டிலிருந்து ஓயாத புகார். ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்த அவள், காலையில் வந்ததும் கறுப்புத் திரையில் ஒற்றை வரி கமாண்ட் எழுதினாள். மருந்தின் பெயர் இடப்பக்கம், அளவு வலப்பக்கம், தசமப் புள்ளிக்கு நேர்கீழே புள்ளி. அச்சில் வார்த்தாற்போல் வந்தது. அவளுக்கே பெருமை தாளவில்லை.

லேபிள்கள் வார்டுக்குப் போன பிறகு, டீயை உறிஞ்சிக்கொண்டே பழையதையும் புதியதையும் ஒப்பிட்டாள். டீயை அப்படியே கீழே வைத்தாள். வரிசை அழகாக இருக்கட்டும் என்று, புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் போதுமெனக் கமாண்டில் சொல்லியிருந்தாள். 0.05 மில்லி, ஓர் இலக்கத்துக்கு முழுமையாக்கப்பட்டு 0.1 ஆகியிருந்தது. இரண்டு மடங்கு! அதுவும் இதயத்துக்கான மருந்து.

அந்த வார்டின் நர்ஸ் அவளுடைய நாத்தனார்தான். வீட்டில் நடந்த சண்டைக்குப் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. வார்டுக்குப் போன் போட்டாள்; அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. லிஃப்டுக்குக் காத்திராமல் படிகளில் ஓடினாள்.

"மருந்து கொடுத்துட்டியா? லேபிள் தப்பு!"

நாத்தனாரின் முகம் வெளுத்தது. "கடைசித் தொட்டில் குழந்தைக்கு மட்டும், இப்பதான்... ஐயோ அண்ணி, நானும் டாக்டர் சீட்டைப் பார்த்திருக்கணுமே!"

டாக்டர் ஓடிவந்தார். மற்ற லேபிள்களைக் கிழிக்கச் சொன்னார். "துடிப்பு இறங்குதான்னு கண்ண எடுக்காம பாருங்க" என்றார்.

இறங்கியது. திரையில் எண் குறையும்போதெல்லாம் அவளுக்கு உயிர் போய் வந்தது. குழந்தையின் விரல்கள் தீக்குச்சி பருமன்கூட இல்லை. டாக்டர் மாற்றுமருந்து ஏற்றினார். நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மாலை சாயும்போது துடிப்பு பழைய நிலைக்கு ஏறி நின்றது.

"குழந்தையோட அம்மாகிட்ட நான் சொல்றேன்" என்றார் டாக்டர்.

"வேண்டாம் டாக்டர். எழுதினது நான்."

வெளியே பெஞ்சில் இருந்த தாயிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். திட்டு விழும், அறைகூட விழும் என்று நின்றாள். அந்தப் பெண் அவளை வெறித்துப் பார்த்தாள். கண்ணீர் மளமளவென்று இறங்கியது.

"உங்ககிட்ட அப்புறம் பேசிக்கிறேன். இப்ப நான் பால் கொடுக்கலாமா, சொல்லுங்க."

அவள் டாக்டரைக் கேட்டுவர உள்ளே ஓடினாள்.