துடைத்த இரண்டு வரி

சின்னவர் துடைத்துப்போட்டது இரண்டே வரி. சாக்பீஸால் எழுதிய இரண்டு வரி. அதில் என்ன இருந்தது என்று தெரிந்தால் போதும், அவர் எதை வேண்டுமானாலும் கொடுப்பார். ஆனால் எழுதிய மனிதர் போய்ச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது.

அண்ணனும் தம்பியும் நடத்திய பட்டறை அது. ஆளை நிற்கவைத்துக் காலையும் கையையும் அளந்து, அவருக்கென்றே ஒரு சைக்கிள் கட்டித் தருவார்கள். முன்னறையில் பெரியவர் குழாய்களை வெட்டி, பித்தளையை உருக்கி ஒட்டுவார். பின்னறையில் சின்னவர் உப்புத்தாளால் தேய்த்து, பெயிண்ட் அடித்து, கோடு இழுப்பார். நடுவில் ஒரு கதவு, அதன் நிலையில் ஒரு கொக்கி. ஒட்டி முடித்த ஃபிரேமைப் பெரியவர் கொக்கியில் மாட்டுவார். சின்னவர் எடுத்துப்போய் வண்ணம் அடித்து, அதே கொக்கியில் திரும்ப மாட்டுவார். கைமாற்றிக்கொள்வது என்ற பேச்சே இல்லை. ஏனென்றால் இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேசி ஆறு வருஷம் ஆகியிருந்தது.

காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவரிடம் பெரியவர் சொன்னார்: "வண்டியோட உயிரே மூட்டுலதாங்க இருக்கு. பெயிண்டு என்ன, யாரு வேணா அடிக்கலாம்." பின்னறையில் அது காதில் விழுந்தது. அவ்வளவுதான். அன்றைக்கு மூக்குக்கு மேல் வந்த கோபம் இறங்கவே இல்லை. பெரியவர் மட்டும் லேசுப்பட்டவரா? "அவனா வந்து பேசட்டும்" என்று அவரும் பிடித்த பிடியில் நின்றார். "வாயைத் திறந்தா வாடகை கேக்கறாங்களா உங்ககிட்ட?" என்று அண்ணி கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார்.

வேலை நடந்தாக வேண்டுமே? அதற்குத்தான் சாக்பீஸ். மேல்குழாயில் பெரியவர் நிறத்தை எழுதிவிடுவார். ‘பச்சை.’ ‘கறுப்பு, வெள்ளைக் கோடு.’ கடைசி ஒரு வருஷமாகக் கீழ்க்குழாயிலும் எழுத ஆரம்பித்தார். ‘இருமல் தேவலையா?’ என்று ஒருமுறை. ‘தின்னர் வாடை ஆகாது, சன்னலைத் திற’ என்று ஒருமுறை. சின்னவர் இரண்டையும் படித்துவிட்டார். கண் கலங்கிவிட்டது. கலங்கியதற்காகத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. அன்றோடு ஒரு வைராக்கியம்: நிறத்துக்கு மேல் ஓர் எழுத்து படிப்பதில்லை. கீழ்க்குழாய்ப் பக்கம் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தின்னர் துணியால் ஒரே இழுப்பு. ஐம்பது வயது மனுஷன் செய்கிற காரியமா இது, சொல்லுங்கள்?

கடைசி ஃபிரேம் ஒரு தபால்காரருக்கு. ஆறடி நாலங்குலம். கடையில் விற்கிற எந்தச் சைக்கிளில் ஏறினாலும் முழங்கால் ஹேண்டிலில் இடிக்கும் அவருக்கு. மேல்குழாயில் ‘பச்சை’ என்று இருந்தது. கீழ்க்குழாயில் இரண்டு வரி, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை. இவ்வளவு நீளமாக அண்ணன் எழுதியதே இல்லை என்பது கடைக்கண்ணில் தெரிந்தது. மன்னிப்பா, திட்டா? எதுவானால் எனக்கென்ன என்று துணியை அழுத்தி இழுத்தார். உள்ளூர ஒரு குஷிகூட. எழுதட்டும், நல்லா எழுதட்டும்.

மூட்டெல்லாம் வெளியே வழவழவென்று இருந்தது. பச்சை அடித்துக் கொக்கியில் மாட்டினார். பெரியவர் சக்கரமும் பிரேக்கும் பூட்டினார். தான் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்காத சைக்கிளை வாடிக்கையாளர் கையில் கொடுப்பதில்லை என்பது அவர் சட்டம். சீட்டை அடிவரை இறக்கியும் கால் எட்டவில்லை. நுனிவிரலால் மிதித்துக்கொண்டு கிளம்பினார். பாலத்துச் சரிவில் தலைகுப்புற விழுந்தார். எழுந்திருக்கவில்லை. சக்கரம் கல்லில் ஏறிவிட்டது என்றார்கள், எல்லாரும் அதையே சொன்னார்கள். முறிந்த சைக்கிளைச் சாக்கில் சுற்றி யாரோ முன்னறை மூலையில் போட்டுவிட்டுப் போனார்கள். சின்னவர் அதைப் பிரிக்கவில்லை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எதிர்ச் சுவரோரமாக ஒதுங்கிப் போனார்.

மூன்றாவது வாரம் ஒரு முற்பகலில் அண்ணி வந்தார். முன்னறையில் பெரியவர் உட்காரும் ஸ்டூலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தச் சாக்கைப் பிரி தம்பி. ஒரு தடவை பாத்துக்கறேன்."

"வேணாம் அண்ணி."

"பிரின்னா பிரி."

பிரித்தார். ஹேண்டில், அதைத் தாங்கும் கழுத்துக் குழாயோடு முறிந்து தனியாகக் கிடந்தது. அண்ணி தரையில் உட்கார்ந்து பச்சைக் குழாயைத் தடவினார்.

"எவ்வளவு அழகா அடிச்சிருக்கே! இதையேதான் அன்னிக்கு வீட்டுல வந்து சொன்னாரு. எந்தம்பி மாதிரி ஒருத்தன் அடிக்க முடியாதுன்னு."

சின்னவர் நிமிர்ந்து பார்த்தார்.

"உனக்குத் தெரியாது. ரெண்டு மாசமா அவருக்குக் கண்ணு மங்கல். வெளிய மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. ‘கழுத்து மூட்டுல பித்தளை உள்ள வரைக்கும் ஓடிச்சான்னு எனக்குச் சரியாத் தெரியலடி. நீ ஒருதடவை பாருடான்னு தம்பிக்கு எழுதிப் போட்டிருக்கேன். அவன் பாத்தாப் போதும்’னாரு. பச்சை அடிச்சு வந்துச்சு பாரு, அப்படியே பூரிச்சுப் போயிட்டாரு. ‘படிச்சுட்டான்டி. பாத்துட்டான். இனிமே பேசிடுவான்’னு."

 சின்னவர் அந்தக் கழுத்துக் குழாயை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். முறிந்த வாயைச் சுற்றிப் பாதி தூரம் மஞ்சளாகப் பித்தளை. மீதிப் பாதியில் வெறும் இரும்பு. ஒரு பொட்டுகூட ஓடவில்லை. உளியால் இரண்டு தட்டுத் தட்டியிருந்தால் சத்தமே காட்டிக்கொடுத்திருக்கும்.

அண்ணிக்கு அந்த மஞ்சளும் இரும்பும் ஒன்றும் புரியாது. அவர் தம்பியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ பாத்தேல்ல? மூட்டு நல்லாத்தானே இருந்துச்சு? அப்போ கல்லுதானே தம்பி?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அண்ணன் கேட்டதற்குத்தான் பதில் சொல்லவில்லை, அண்ணி கேட்டதற்குப் பொய் சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை.

"படிக்கல அண்ணி. படிக்காமலே தொடைச்சுட்டேன்."

பச்சைக் குழாயின் மேலிருந்த கை மெல்ல விலகியது. அண்ணி அழுவார், அடிப்பார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று சின்னவர் காத்திருந்தார். அடித்தால் தேவலை என்றிருந்தது.  அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டபோதுதான் பேசினார்.

"தம்பி பேசிட்டான்னு நெனைச்சுக்கிட்டே அவரு போயிட்டாரு. நான் எதை நெனைச்சுக்கிட்டு இருக்கறது?"

பதிலுக்கு நிற்காமல் தெருவில் இறங்கிவிட்டார். சின்னவர் முறிந்த கழுத்தை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு, "அண்ணா" என்று கூப்பிட்டார். ஆறு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.