நாற்பத்தொன்றின் செவ்வாய்க்கிழமைகள்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் இதைக் கதையாக எழுத உட்காரவில்லை. ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் முப்பத்திரண்டு வருடம் உழைத்து ஓய்வுபெறும் ஒரு டாக்டரைப் பற்றி விழா மலருக்கு நாலு பக்கம் கேட்டார்கள். இரண்டு நாள் அவரோடு பேசி எழுதிக் கொடுத்தேன். அச்சாகிவிட்டது. அவர் சொன்னதில் ஒன்றை மட்டும், "இது மலருக்கு வேண்டாம், நீங்க வேற எதுக்காவது வச்சுக்குங்க" என்றார். வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

(அ) "அந்த வீட்டில் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்." பேய்க்கதை வாடை அடிக்கிறது. டாக்டர் படித்தால் சிரிப்பார்.

(ஆ) "நாள்பட்ட நுரையீரல் நோயில் காற்றுக்குழாய்கள் சிறிது சிறிதாக..." மலரிலேயே இதை எழுதித் தொலைத்தாயிற்று.

(இ) "நாற்பத்தொன்று இறந்து ஆறு வருடம் ஆகியும் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஊதிக்கொண்டிருந்தார்." இதை முதலிலேயே போட்டு உடைத்தால் பிறகு சொல்ல என்ன மிஞ்சும் என்று யோசித்தேன். பரவாயில்லை, உடைந்தே கிடக்கட்டும்.

2.

அவரை எல்லோரும் மூச்சு டாக்டர் என்பார்கள். எதிரே இருப்பவர் பேசும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் கழுத்துக் குழியைப் பார்க்கிற பழக்கம் அவருக்கு. "பக்கத்துல உக்காந்து நிம்மதியா ஒரு பெருமூச்சு விட முடியல, உடனே ஏன்னு கேக்குறா" என்று அவர் கணவர் என்னிடம் அலுத்துக்கொண்டார்.

ஊருக்கு வெளியே இருந்த கல் அரைக்கும் ஆலையில் வேலை செய்து நுரையீரல் கெட்டுப்போன அறுபத்துமூன்று ஆண்கள்தான் அவருடைய ஆராய்ச்சி. அவர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு ஊதும் கருவி. செவ்வாய்க்கிழமை காலையில் அதை வாயில் வைத்து இழுத்து ஊத வேண்டும். முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்று வெளியே வந்தது என்ற எண், தேதியோடு தொலைபேசிக் கம்பி வழியாக ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்துவிடும்.

எல்லோருக்கும் அந்த எண் வருடா வருடம் இறங்கியது. நுரையீரலால் முடியாத வேலையை இதயத்தின் வலப்பக்கம் இழுத்துப்போட்டுக்கொண்டு செய்யும். செய்து செய்து வீங்கும். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை எண் வராது.

நாற்பத்தொன்றுக்கும் வருடத்துக்கு அறுபது மில்லி இறங்கிக்கொண்டேதான் இருந்தது. தொள்ளாயிரத்துப் பத்தில் வந்து நின்றது. நின்றது நின்றதுதான். ஆறு வருடம்! டாக்டரின் பெயரை உலகத்துக்குச் சொன்ன கட்டுரை அந்த ஒருவரைப் பற்றியது. வீழ்ச்சி ஏன் நின்றது என்று நாலு நாட்டில் தேடினார்கள்.

(டாக்டர் வீடுகளுக்குப் போவது அதற்கு முன்பே நின்றிருந்தது. வருடத்துக்கு ஒருமுறை நிலையத்திலிருந்து நலம் கேட்டுத் தொலைபேசியில் பேசுவார்கள். மனைவிதான் எடுப்பார். "அவருக்குப் பேசினா மூச்சு வாங்கும், என்கிட்டயே கேளுங்க." யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இந்த நோயில் அது சகஜம்.)

3.

ஓய்வுபெறும்முன் நடக்கும் உரைக்கு நாற்பத்தொன்றை மேடையில் உட்காரவைக்க வேண்டும் என்று டாக்டருக்கு ஆசை. சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டார். பட்டப்பகல், பதினொரு மணி.

இரண்டு அறை வீடு. மனைவி கதவைத் திறந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். கதவைத் திறந்ததற்கே நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றார்.

"வாங்க டாக்டரம்மா. உக்காருங்க."

"அவரைப் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"உள்ள இருக்கார். மூச்சு கேக்குதில்ல?"

கேட்டது. திரைக்குப் பின்னாலிருந்து சீரான மூச்சு. இழுப்பு, நிறுத்தம், விடுதல். டாக்டர் தன்னை அறியாமல் எண்ணினார். நிமிடத்துக்குப் பதினெட்டு. வயதான நோயாளிக்கு மிக நல்ல மூச்சு. நல்லது என்பதுதான் அவரை உறுத்தியது. இருமல் இல்லை. கரகரப்பு இல்லை. ஒன்றுகூடப் பிசகவில்லை.

எழுந்து திரையை விலக்கினார்.

விரித்த படுக்கை, தட்டிவைத்த தலையணை. ஆக்ஸிஜன் மெஷின்தான் இழுத்து இழுத்து விட்டபடி ஓடிக்கொண்டிருந்தது. அதன் குழாய் தலையணையின் நடுவில், ஒரு மூக்கு இருக்க வேண்டிய இடத்தில், பதமாக வைக்கப்பட்டிருந்தது.

4.

இந்த இடத்தில் "டாக்டருக்குக் கோபம் தலைக்கேறியது" என்று எழுதியிருந்தேன். பிறகு அவரிடமே கேட்டேன். "கோபம் வரத்தான் பார்த்துச்சு. அதுக்குள்ள எனக்கு வேற ஒண்ணு தட்டுப்பட்டுது" என்றார். எனவே அந்த வரியை அடித்துவிட்டேன்.

"எப்போ?"

"ஆறு வருஷம் ஆச்சு. ஒரு திங்கக்கிழமை."

"ஏம்மா சொல்லல?"

"மறுநாள் போன் வந்துது. இன்னிக்கு ஊதலையான்னு உங்க ஆபீஸ் பொண்ணு கேட்டுச்சு. இல்லைம்மா, போயிட்டார்னு சொல்ல வாய் வரல. இதோ ஊதச் சொல்றேன்னு சொல்லிட்டு, நானே எடுத்து ஊதிட்டேன். சரி, வந்துடுச்சுன்னு அது சொல்லிச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "அவர் பேர்ல ஒண்ணு போய்ச் சேருது, அங்க ஒருத்தர் வாங்கி எழுதிக்கிறாங்க. அப்புறம் எப்படி நிறுத்துறது?"

டாக்டருக்குத் தட்டுப்பட்டது இதுதான். நல்ல நுரையீரல் உள்ள பெண் ஊதினால் எண் இரண்டாயிரத்தைத் தொடும். அந்தச் செவ்வாய்க்கிழமையே எண் துள்ளியிருக்க வேண்டும், மோசடி அன்றே பிடிபட்டிருக்கும். துள்ளவில்லை. செத்த கணவனும் உயிரோடிருந்த மனைவியும் ஒரே அளவுதான் ஊதினார்கள்.

"அவர் துணியெல்லாம் யார் துவைச்சது?"

"நான்தான். உதறினா கல்தூசியில வீடே வெள்ளையாகும். ஏன் கேக்குறீங்க?"

டாக்டர் அந்த அம்மாவின் கழுத்துக் குழியைப் பார்த்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் அது உள்ளே போனது. முப்பத்திரண்டு வருடத்தில் அறுபத்துமூன்று வீட்டுக்கும் எத்தனையோ முறை போயிருக்கிறார். கதவைத் திறந்த பெண்களில் ஒருவரையும் ஊதச் சொன்னதில்லை.

5.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்த அம்மாவை அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இதயத்தின் வலப்பக்கம் வீங்கியிருந்தது, கைமீறிப் போகவில்லை. இப்போது அவருடைய பெயரிலேயே ஆக்ஸிஜன் வருகிறது. டாக்டர் தன் கட்டுரையைத் தானே திரும்பப் பெற்றார். உரையில் அதை மேடையிலேயே சொன்னார். முன்வரிசையில் சிலர் எழுந்து போனார்கள். மற்ற அறுபத்திரண்டு வீட்டுப் பெண்களையும் ஊதச் சொன்னபோது பத்தொன்பது பேருக்கு நோய் இருந்தது.

(இங்கே முடித்தால் நல்ல கதை. மலரிலேயே வந்திருக்கலாம். எழுதி முடித்து எழுந்தும்விட்டேன். மறுபடி உட்கார்ந்தேன்.)

6.

ஆறு வருட எண்களையும் மனைவியின் பெயருக்கு மாற்ற வேண்டும். டாக்டரும் அந்த அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு செவ்வாயாகப் பார்த்தார்கள். இரண்டாம் வருட முடிவில் ஓரிடத்தில் அந்த அம்மா விரலை வைத்தார்.

"இந்த ரெண்டு வாரம் நான் இல்லையே. மகளுக்குப் பிரசவம், அங்க போயிருந்தேன்."

"வீட்ல யாரு இருந்தா?"

"பூட்டிட்டு, சாவிய கையோட எடுத்துட்டுப் போனேன்."

இரண்டு வாரத்திலும் எண் வந்திருந்தது. காலையில், வழக்கமான நேரத்தில். எழுநூற்றுத் தொண்ணூறு. எழுநூற்று எண்பத்தெட்டு. அப்போது சளிக்காய்ச்சலாக இருக்கும் என்று நிலையத்தில் விட்டுவிட்டிருந்தார்கள்.

கருவி பழைய எண்ணைத் திருப்பி அனுப்பியிருக்கும் என்று டாக்டர் நினைத்தார். நானும் அப்படித்தான் எழுதிவைத்திருந்தேன். கருவி பழுதுபார்ப்பவர் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஊதாம இதுல எதுவும் பதியாதுங்க. பழசா இருந்தா இதே எண் முன்னாடி எங்கயாவது இருக்கணுமே, இல்லையே" என்றார்.

டாக்டர் ஓர் அளவுகோலை எடுத்து, நாற்பத்தொன்று உயிரோடிருந்தபோது இறங்கிய கோட்டை அப்படியே நீட்டினார். தொள்ளாயிரத்துப் பத்திலிருந்து வருடத்துக்கு அறுபதாக, இரண்டு வருடம். பென்சில் முனை அந்த இரண்டு புள்ளிகளின் மேல் போய் நின்றது.

அந்த அம்மா வெகுநேரம் தாளையே பார்த்தார். பயப்படவில்லை என்று டாக்டர் சொன்னார். "குறைஞ்சுக்கிட்டேதான் வந்திருக்கு, பாவம்" என்று மட்டும் சொன்னாராம்.

7.

நான் இரண்டு முடிவு எழுதிவைத்திருக்கிறேன். ஒன்றில், பக்கத்து வீட்டுக்காரரிடம் இன்னொரு சாவி இருக்கிறது. அவருக்கும் ஆலையில்தான் வேலை. படித்துப் பார்த்தேன், மூச்சே இல்லாத பக்கமாக இருந்தது. இன்னொன்றில், பூட்டிய வீட்டுக்குள் தலையணை மெல்ல அமுங்குகிறது. அதை எழுதியபோது என் முதுகுப் பக்கம் ஏதோ செய்தது. ஆனால் நான் பார்க்காததை நீங்கள் நம்பும்படி எழுதுவது ஏமாற்று.

டாக்டர் இன்னும் பதிவேட்டை மூடவில்லை. ஓய்வுபெற்ற பிறகும் அந்த ஒரு பக்கம் அவரிடம்தான் இருக்கிறது. கடைசியாகப் பார்த்தபோது என்னிடம் நீட்டினார். "மத்ததெல்லாம் யாரோடதுன்னு எழுதிட்டேன். இந்த ரெண்டுக்கும் எனக்குக் கை வரல. நீங்க எழுதுறவர்தானே."

ஒரு வாரம் வைத்திருந்தேன். எனக்கும் வரவில்லை. வந்தபடியே கீழே தருகிறேன். கோடிட்ட இடத்தை நான் நிரப்பப் போவதில்லை. உங்களிடம் பேனா இருக்கும்.

செவ்வாய், காலை 7.10. அளவு: 790. ஊதியவர்: ____________

செவ்வாய், காலை 7.10. அளவு: 788. ஊதியவர்: ____________