அண்ணியின் சர்வர்

பிஸ்கட் டப்பாவிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்த கைபேசியில் சற்று நேரத்தில் பச்சை டிக் விழுந்தது. விழுந்திருக்கவே கூடாது. தட்டில் வரிசையாக நின்ற மற்ற கைபேசிகள் எல்லாம் அதே மருந்துக்குச் சிவப்பு காட்டிக்கொண்டிருந்தன. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். பச்சைதான். "இந்த மருந்தைக் கொடுக்கலாம்" என்று எழுத்தும் சேர்ந்து வந்திருந்தது.

டப்பா எங்கள் வீட்டுடையது. உள்ளே அலுமினியத் தாள் ஒட்டி, மூடியை இறுக்கி மூடினால் சிக்னல் அறவே செத்துவிடும். அம்மா அதை வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தாள். ஊர் ஒதுக்குப்புறத்தில் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரிகளில் சிக்னல் எப்படி வரும் போகும் என்று சோதிக்க எனக்கு அதைவிட நல்ல கருவி கிடைக்கவில்லை.

எங்கள் கம்பெனி மருந்துகளின் பயணத்தைப் பதிவு செய்கிறது. ஆலையை விட்டு ஒரு பெட்டி கிளம்பியது முதல் நர்ஸின் கைக்கு வரும்வரை ஒவ்வொரு அடியும் பிளாக்செயினில் ஏறும். ஒன்றோடொன்று பூட்டிய சங்கிலி. நடுவில் ஒரு கண்ணியை யாரும் மாற்றிவிட முடியாது. ஒரு மருந்து கெட்டுப்போனது தெரிந்தால் "நிறுத்து" என்ற சொல்லும் அதிலேயே ஏறும். ஆனால் முழுச் சங்கிலியையும் தூக்கிச் சுமக்க ஒரு மலிவுக் கைபேசிக்குத் தெம்பு ஏது? அதனால் அதில் ஒரு லைட் கிளையன்டைப் போட்டிருந்தோம். அது ஒவ்வொரு கண்ணியின் தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டு, மீதியைச் சர்வரிடம் கேட்டுக்கொள்ளும். விட்டுப்போனதை எல்லாம் கேட்டு முடித்து, சர்வரோடு சமமாக வந்த பிறகுதான் பச்சையோ சிவப்போ காட்டும். அது சரியாகச் சமமாகிறதா என்று பார்ப்பது என் வேலை. ஆபீஸில் எனக்கு 'நொட்டை' என்று பெயர். யார் எது செய்தாலும் நொட்டை சொல்கிறேனாம்.

அந்தச் சர்வரை எழுதியது என் அண்ணி.

அண்ணனுக்குக் கல்யாணமாகி அவர் எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு அவர்மேல் ஒரு பிரமிப்பு. பேச்சு குறைவு. எழுதுவது கச்சிதம். அம்மா மட்டும் அக்கம்பக்கத்தில், "மருமக சர்வர் வேலை பாக்குறா" என்று சொல்லிவைத்து, எந்த ஹோட்டல் என்று அவர்கள் விசாரிக்கும்படி ஆகிவிட்டது. நான் அதே கம்பெனியில் சேர்ந்த அன்று காலையில் அண்ணி சொல்லியனுப்பினார்: "ஆபீஸ்ல நான் உனக்கு அண்ணி இல்ல, புரியுதா?" முதல் மீட்டிங்கிலேயே என் வாயில் "அண்ணி" வந்துவிட்டது. அப்புறம் என்ன, அவரைவிடப் பெரியவரான மேனேஜர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் அண்ணிதான்.

சிரிப்புக்குக் கீழே வேறொன்றும் ஓடிக்கொண்டிருந்தது. "அண்ணி எழுதுவாங்க, நாத்தனார் பாஸ் போடுவாங்க" என்று தண்ணீர் பிடிக்கும் இடத்தில் யாரோ சொன்னது என் காதில் விழுந்திருந்தது. அண்ணியின் காதிலும் விழுந்திருக்கும். அவர் என்னிடம் காட்டிக்கொள்ளவில்லை. என்னை இன்னும் கொஞ்சம் தள்ளி நிறுத்தினார், அவ்வளவுதான்.

அதனால் அந்தப் பச்சை டிக்கோடு அவர் மேசைக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. போனேன்.

அவர் கைபேசியை வாங்கிப் பார்த்தார். செயலியைத் திரும்பத் திறந்தார். சிவப்பு வந்தது.

"சரியாத்தானே காட்டுது?"

"இப்போ சரி. அப்போ பச்சை விழுந்துச்சு."

"டப்பாவுக்குள்ள போட்டு மூடினா என்னதான் ஆகும்? உன் மேசையில கோளாறு."

மத்தியானம் முழுக்க டப்பாவைத் திறந்தும் மூடியும் பார்த்தேன். ஒருமுறைகூட அது திரும்ப வரவில்லை. ஒரு நொட்டையைத் திரும்ப வரவழைத்துக் காட்ட முடியாவிட்டால் அது நொட்டையே இல்லை, என் பிரமை. ஆஸ்பத்திரிக்காரர்கள் அடுத்த வாரம் வியாழக்கிழமை இதை நேரில் பார்க்க வருகிறார்கள். மேனேஜர் இரண்டு தடவை என் அறை வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இரவு வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது எங்கள் இருவருக்கும் நடுவே ஏதோ புகைவது அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. லிஃப்ட் பழுது பார்க்கிறவன். எங்கே எது சிக்கி நிற்கிறது என்று அவனுக்குச் சத்தமில்லாமலே தெரியும். "தட்டுல கை வெச்ச பிறகு யாரும் சர்வர்னு வாயைத் திறக்கக் கூடாது" என்றான்.

அண்ணி அவனிடம் சொல்வதுபோல எனக்குச் சொன்னார். "நான் ஒண்ணும் சொல்லலப்பா. மத்தியானம் சாப்பிடப் போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை நிறுத்தித் திரும்பப் போட்டேன். அதைத் தவிர நாள் பூரா சர்வர் நிக்காம ஓடுச்சு."

என் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"எப்போ நிறுத்தினீங்க அண்ணி?"

"அதான் சொன்னேனே. சாப்பிடப் போறதுக்கு முன்னாடி."

பச்சை விழுந்ததும் அப்போதுதான்.  அண்ணி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு அது பிடிபட்டுவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரிந்தது அவருக்கும் தெரிந்தது. "ஆரம்பிச்சுட்டாங்கய்யா" என்று அண்ணன் எழுந்து கை கழுவப் போனான்.

மறுநாள் காலை அலுவலகம் நிறைவதற்கு முன்பே நான் அவர் மேசைக்குப் போனேன். சர்வரை நிறுத்தும் உரிமை அவருக்கு மட்டும்தான் உண்டு. அவர் கட்டியதை அவர் கையாலேயே கவிழ்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று நான் தடுமாறுவதற்குள் அவரே ஃபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, "உன் ரூமுக்குப் போ. நீ எப்போ சொல்றியோ அப்போ நிறுத்துறேன்" என்றார்.

போய் அவர் அழைப்பை எடுத்து, ஒரு கைபேசியை டப்பாவுக்குள் வைத்து மூடினேன். சோதனைக்கான ஒரு மருந்துக்கு 'நிறுத்து' பதிவைச் சங்கிலியில் ஏற்றினேன். மற்ற கைபேசிகள் ஒவ்வொன்றாகச் சிவப்புக்கு மாறின.

"நிறுத்துங்க."

விசை தட்டும் சத்தம் கேட்டது. "நிறுத்தியாச்சு. இப்போ எழுந்திரிக்குது."

மூடியைத் திறந்தேன். கைபேசி சிக்னலைப் பிடித்தது, சர்வரைக் கேட்டது, பச்சை டிக் போட்டது.

"அண்ணி."

"என்ன நிறம்?"

"பச்சை."

 மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவரே வந்து நின்றார்.

"என் சர்வர் பொய் சொல்லாது" என்றார். கோபமில்லை, தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பதுபோல இருந்தது.

"பொய் சொல்லல அண்ணி. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லல."

நிறுத்தி எழுந்ததும் சர்வர் கடைசியாகச் சேமித்துவைத்த இடத்திலிருந்துதான் தொடங்கும்; அதனால் அதுவே கொஞ்சம் பின்தங்கித்தான் இருக்கும். சங்கிலியைச் சுமக்கும் மற்ற கணினிகளிடம் கேட்டு அதுவும் ஓடிவந்து சேர வேண்டும். அந்த இடைவெளியில் ஒரு கைபேசி வந்து, புதிதாக ஏதாவது உண்டா என்று கேட்டால், உன்னிடம் இருப்பதுதான் என்னிடமும் இருக்கிறது என்று சொல்கிறது. உண்மைதான். அதைக் கைபேசி, உலகத்திலேயே இவ்வளவுதான் என்று எடுத்துக்கொள்கிறது.

அண்ணி என் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டப்பாவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "அத்தை இதைத்தான் தேடிக்கிட்டிருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். 

மேனேஜர் விஷயத்தைக் கேட்டதும் தலையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணி, இது எப்பவாவது ஒரு தடவை வர்றது. வியாழக்கிழமை முடியட்டும், அப்புறம் சரி பண்ணிக்கலாம்."

"அந்த ஒரு தடவையில ஊசி போட்டுக்கிறவங்களுக்கு அது எப்பவாவது இல்ல, சார்" என்றார் அண்ணி. "இதுல இருக்கிறது என் வேலை. தப்பும் என்னோடது. சரி பண்ணாம நான் யாருக்கும் காட்ட மாட்டேன்."

மேனேஜர், சரி செய்யுங்கள் என்று கையை அசைத்தார்.

அண்ணி சர்வரைத் திருத்தினார்: தான் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதையும் பதிலோடு சேர்த்துச் சொல்லும்படி. கைபேசியும் அதை நம்பிச் சும்மா இராமல், கடைசிக் கண்ணியின் நேரத்தைத் தன் கடிகாரத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே மஞ்சள் ஒன்று வந்தது. அதற்குக் கீழே என்ன எழுதுவது என்று இருவரும் சண்டை போட்டோம். 'காத்திருக்கவும்' என்றார் அவர். 'இன்னும் தெரியவில்லை' என்றேன் நான். என் சொல்தான் நின்றது.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேர் கோட்டு போட்டவர்கள். மூன்றாவது ஆள் தலைமை நர்ஸ்; மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டியிருந்தார், எதையும் சட்டென்று நம்புகிறவராகத் தெரியவில்லை. அண்ணி அவர் கையில் ஒரு மருந்துப் பெட்டியையும் ஒரு கைபேசியையும் கொடுத்தார். நான் சுவரோரம் நின்றிருந்தேன். அண்ணி நேராகத் தன் மடிக்கணினிக்குப் போய், எல்லோர் முன்னாலும் சர்வரை நிறுத்தித் திரும்பத் தொடக்கினார். மேனேஜரின் முகம் வெளுத்தது. அப்படி ஒரு திட்டம் எங்கள் யாரிடமும் அவர் சொல்லியிருக்கவில்லை.

"மஞ்சளா இருக்கு" என்றார் நர்ஸ்.

கோட்டுக்காரர்களில் ஒருவர் முன்னால் சாய்ந்தார். "வேலை செய்யலையா?"

"செய்யுது" என்றார் அண்ணி. "தனக்கு இன்னும் தெரியலைன்னு சொல்லுது. போன வாரம் வரைக்கும் இந்த இடத்துல பச்சை காட்டிக்கிட்டிருந்துச்சு. நான் எழுதினதுல இருந்த ஓட்டை. எனக்குத் தெரியல. அவங்க கண்டுபிடிச்சாங்க."

எல்லோரும் நான் நிற்கும் பக்கம் திரும்பினார்கள்.

"உங்க டெஸ்டரா?" என்றார் நர்ஸ்.

"என் நாத்தனார்" என்றார் அண்ணி. அவர் குரலில் இருந்த நிமிர்வை நான் வீட்டில்கூடக் கேட்டதில்லை. தண்ணீர் பிடிக்கும் இடத்துப் பேச்சுக்காரர்களும் கதவருகே நின்றிருந்தார்கள். எனக்கு முகம் சுட்டது. தலையைக் குனிந்துகொள்ளத்தான் தோன்றியது, குனியவில்லை.

நர்ஸ் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னலருகே வெளிச்சத்துக்குப் போனார். ஒரு கையில் மருந்துப் பெட்டி, ஒரு கையில் கைபேசி. கோட்டுக்காரர் ஏதோ கேட்க வாயெடுத்தபோது அவர் திரும்பாமலே பெட்டியை லேசாக உயர்த்தி அவரை அமர்த்தினார். அண்ணி கைகளைக் கட்டிக்கொண்டு, கணினியைத் தொடாமல் நின்றார்.  நர்ஸின் கண்ணாடி வில்லைகள் இரண்டிலும் மஞ்சள் சின்னதாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. பச்சையோ சிவப்போ வரட்டும் என்று அவர் பெட்டியைப் பிரிக்காமல், அவசரப்படாமல், அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார்.