ஒட்டக் கூடாத உறை

வண்டி ஹார்ன் விடாமல் அலறியது. ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்குப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. நாற்பது தலைகளும் ஒரே நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பின. மேஜையைத் தட்டினேன். ஒருத்தரும் மதிக்கவில்லை.

கேட்டுக்கு வெளியே சேறு அப்பிய ஒரு ஜீப். அதிலிருந்து இறங்கிய இருவரைப் பார்த்ததும் மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி தடாலென்று சாய்ந்தது.

"மிஸ், எங்கப்பா அம்மா!"

அணில்தான். முன்பற்கள் இரண்டும் சற்றுப் பெரிது, எந்நேரமும் எதையாவது கொறித்துக்கொண்டிருப்பாள். அதனால் பள்ளி முழுக்க அவளுக்கு அந்தப் பெயர். பதினாலு வயது. பெற்றவர்களைப் பார்த்து இரண்டு வருடமாகிறது.

"கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்காங்க மிஸ். நான் போய்ப் பெட்டி கட்டவா?"

"முதல்ல ஆறாவது கணக்கை முடி" என்றேன். சொன்னேனே தவிர, என் கண்ணும் அந்த ஜீப்பை விட்டு நகரவில்லை.

எங்களுடையது சர்வதேசக் கிறிஸ்தவ உறைவிடப் பள்ளி. பெயர்ப் பலகையில் பதினெட்டு நாட்டுக் கொடிகள். பிள்ளைகளில் பாதிப் பேர் எங்கெங்கோ ஊழியம் செய்யும் மிஷனரிகள் வீட்டுப் பிள்ளைகள். மீதிப் பேர் வசதி படைத்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள். முதல் பாதியால் பள்ளிக்கு நல்ல பெயர், இரண்டாம் பாதியால் நீச்சல் குளம்.

ஆசிரியர்களான நாங்களும் மிஷனரிகள்தான். அப்படித்தான் சொல்லிக்கொள்கிறோம். ஆறு வருடத்துக்கு முன்னால் நான் கிளம்பியபோது சபையே திரண்டு வந்து, ஏதோ சிங்கக் குகைக்குப் போகிறவளைப் போல அழுது வழியனுப்பியது. வந்து பார்த்தால், குளியலறையில் வெந்நீர் வரவில்லை என்று மூக்கைச் சிந்தும் தொழிலதிபர் மகனுக்கு அல்ஜீப்ரா சொல்லிக் கொடுக்கும் வேலை. போகட்டும், அல்ஜீப்ராவும் ஆண்டவர் படைத்ததுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் இன்றுவரை தேற்றிக்கொள்ள முடியவில்லை.

ஞாயிறு மதியம் இரண்டிலிருந்து மூன்றுவரை கடித நேரம். செல்போனுக்கு அனுமதி கிடையாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆபீஸ் போனில் மூன்று நிமிடம், அவ்வளவுதான். அதனால் எல்லாப் பிள்ளைகளும் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக உட்கார்ந்து வீட்டுக்கு எழுதுவார்கள். எழுதி உறைக்குள் போட வேண்டும். உறையை ஒட்டக் கூடாது. ஒட்டுவது வார்டனம்மாவின் வேலை. ஒட்டுவதற்கு முன்னால் படிப்பதும் அவர் வேலையே. சோறு குழைந்துவிட்டது, வெந்நீர் வரவில்லை போன்ற சில்லறைக் குற்றங்களுக்குக் கறுப்புக் கோடு. பெரிய குற்றமென்றால் கடிதமே கிழிந்துவிடும்.

அணில் மூன்று கடிதம் எழுதினாள். மூன்றும் கிழிந்தன.

"என்னைக் கூட்டிட்டுப் போங்கன்னு எழுதறா. இதை அனுப்பினா என்ன ஆகும்?" என்று ஆசிரியர் அறையில் வார்டனம்மா நியாயம் கேட்டார். "அங்க அவங்க ஆத்தும அறுவடையில இருக்காங்க. இந்தக் கழுதை கண்ணைக் கசக்கினா அறுவடை நின்னுடாதா?"

"இவ ஆத்துமா எந்தக் கணக்குல வரும் வார்டனம்மா?" என்றேன்.

"நீங்கதானே கணக்கு மிஸ்? போட்டுப் பாருங்க."

எல்லாரும் சிரித்தார்கள். வேதபாட ஆசிரியர் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார். "மிஸ்ஸுக்காக நாம ஜெபிக்கணும்" என்றார் இன்னொருவர். ஒருத்தியை வாயை மூடச் சொல்ல இங்கே அதைவிட மரியாதையான வழி கிடையாது.

மறுநாள் அணில் நான்காவது கடிதத்தைத் தன் கணக்கு நோட்டுக்குள் வைத்து என்னிடம் நீட்டினாள். உறை ஒட்டியிருக்கவில்லை. பழக்கதோஷம். நானும் படித்தேன். வார்டனம்மாவைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

'போன தடவை போன்ல தம்பி, யாரும்மா இந்த அக்கான்னு உங்ககிட்ட கேட்டான். எனக்குக் கேட்டுச்சு. இன்னும் ஒரு வருஷம் போனா நீங்களும் கேப்பீங்க. என்னைக் கூட்டிட்டுப் போயிடுங்க. அங்க ஸ்கூல் இல்லாட்டி பரவாயில்லை, ஆடு மேய்க்கிறேன். இதை வேற யாருக்கும் காட்டாதீங்க, வெக்கமா இருக்கு.'

அன்றைக்கே டவுனுக்குப் போய், தபால் நிலையத்துப் பசையை எடுத்து நானே அழுத்தி ஒட்டிப் பெட்டியில் போட்டேன். ஐந்து வாரமாகிவிட்டது. பதில் இல்லை. இப்போது பதில் ஜீப்பில் வந்து இறங்கியிருக்கிறது என்று நினைத்தோம், அவளும் நானும்.

பிரின்சிபால் மைதானத்தின் குறுக்கே ஓடினார். டை தோளில் கிடந்தது. முன் அனுமதி வாங்காமல் வானதூதரே வந்தாலும் கேட்டில் நிற்கவைத்துக் கையெழுத்து வாங்குகிற மனிதர் அவர். மிஷனரிப் பெற்றோர் என்றால் மட்டும் இந்த ஓட்டம். அடுத்த வருடப் பள்ளிக் காலண்டருக்குப் படம் வேண்டுமே!

சற்று நேரத்தில் பியூன் வந்து நின்றார். "பாப்பாவை வரச் சொல்றாங்க மிஸ். பாப்பாவை மட்டும்."

"பாப்பாவோட மார்க்கும் கூட வருதுன்னு சொல்லுங்க."

பக்கத்து அறை பயாலஜி சாரிடம் வகுப்பை ஒப்படைத்துவிட்டு, மதிப்பெண் பதிவேட்டை இடுக்கிக்கொண்டு நானும் கிளம்பினேன். வழியெல்லாம் அணில் என் கையை விடவில்லை.

பிரின்சிபால் அறையில் டீயும் கேக்கும் தயாராக இருந்தன. அப்பா வெயிலில் கருகி, எலும்பும் தோலுமாக இருந்தார். அம்மா ஓடிவந்து பெண்ணை அணைத்தாள். இரண்டு நொடிதான் ஆகியிருக்கும், வார்டனம்மா "உக்காருங்க, உக்காருங்க" என்று நடுவில் புகுந்து, சோபாவில் இருவருக்கும் இடையே பாறாங்கல் மாதிரி அமர்ந்துகொண்டார்.

"மாநாட்டுக்குப் போற வழியாம். ஒரு மணி நேரம்தான் இருக்காம்" என்றார் பிரின்சிபால், நிம்மதியோடு. பெட்டி கட்ட ஒரு மணி நேரம் தாராளம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"பொண்ணு எப்படி சார் இருக்கா?" என்று அப்பா கேட்டார். மூன்றடி தூரத்தில் இருந்த பெண்ணை அல்ல, பிரின்சிபாலை.

"அவளுக்கென்ன, சிங்கக்குட்டி! போன வாரம் ஆராதனையில தனியாப் பாடினா பாருங்க, அப்படியே உருகிட்டோம்."

"அது வேற பொண்ணு சார்" என்றேன். "இவ பாடினா வாட்ச்மேன் டார்ச் எடுத்துட்டு வந்துடுவார்."

அணில் களுக்கென்று சிரித்தாள். பிரின்சிபால் என்னைப் பார்த்த பார்வையில் கிறிஸ்தவம் இல்லை.

"வீட்டு ஞாபகமே கிடையாதுங்க இவளுக்கு" என்றார் வார்டனம்மா. "ஆ ஊன்னா எங்களைத்தான் தேடுவா." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த அம்மாள் தோட்டத்தையே மறைப்பார்.

அணில் வாயைத் திறக்கும்போதெல்லாம் யாராவது கேக் தட்டை நீட்டினார்கள். ஒரு மணி நேரம் என்றது நாற்பது நிமிடமாயிற்று. "ஜெபிச்சு அனுப்பிடலாமா?" என்று பிரின்சிபால் எழுந்துவிட்டார். எல்லாரும் எழுந்து கண்ணை மூடினார்கள். தியாகம், அர்ப்பணிப்பு, புதிய கட்டடம் என்று ஜெபம் நீண்டது. நான் கண்ணை மூடவில்லை. அணிலும் மூடவில்லை. அம்மாவின் மூடிய இமைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆமென் சொன்ன கையோடு அம்மா கைப்பையை எடுத்தாள்.

"ஒரு நிமிஷம்" என்றேன். "இவ எழுதின லெட்டரைப் பத்தி யாருமே பேசலையே?"

"எந்த லெட்டர்?" வார்டனம்மா துள்ளினார். "நான் படிக்காம எந்த லெட்டரும் வெளியே..." நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நான் போஸ்ட் பண்ணேன். நல்லா ஒட்டி."

பிரின்சிபாலின் முகம் சுண்டியது. "மிஸ், இதை அப்புறமா என் ரூம்ல வச்சுப் பேசுவோம்."

"இது உங்க ரூம்தான் சார்."

என் வேலைக்கு அந்த நொடியே சீட்டுக் கிழிந்துவிட்டது என்று தெரிந்தது. கிழியட்டும். கிழிப்பதற்குத்தான் இங்கே தனியாக ஆள் இருக்கிறதே!

அணில் வார்டனம்மாவின் முழங்கைக்குக் கீழே குனிந்து புகுந்து, அம்மாவின் எதிரே போய் நின்றாள். கைப்பையின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, என் லெட்டர் வந்துச்சாம்மா?"

அம்மாவின் முகம் பளிச்சென்று மலர்ந்தது. கணவனை ஒருமுறை பெருமையோடு பார்த்துவிட்டு, மகளின் கன்னத்தைத் தடவினாள்.

"வந்துச்சுடா கண்ணு, படிச்சுட்டு அப்படி அழுதேன்! உடனே ஒரு வரி விடாம அச்சடிச்சு, உன் போட்டோவையும் போட்டு, நம்ம ஊழியத்தைத் தாங்குற எல்லாச் சபைக்கும் அனுப்பி வச்சோம். இப்ப உனக்காக நாலாயிரம் பேர் ஜெபிக்கிறாங்க, தெரியுமா?"